சிறிய விமான நிலையம் எப்படி இயங்குகிறது: பெங்களூரிலிருந்து ஊருக்குப் பறப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பெங்களூரில் வேலை பார்க்கும் சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கத்துக்காரர்களிடம் விமானப் பேச்சை எடுத்தால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். ஓமலூருக்கு அருகே கமலாபுரத்தில் ஓடுபாதை, பயணிகள் கட்டடம், கட்டுப்பாட்டுக் கோபுரம் எல்லாம் இருக்கின்றன. பிறகு ஏன் சில ஆண்டுகள் விமானம் வருகிறது, சில ஆண்டுகள் வருவதே இல்லை? பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் வெயில் அடிக்கும்போது, சேலம் விமானத்தை மட்டும் வானிலையைக் காட்டி ஏன் ரத்து செய்கிறார்கள்?

கட்டடத்தைப் பார்த்து இதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியாது. சிறிய நிலையம் ஒன்றின் தலையெழுத்தை ஓடுபாதையின் நீளமும், எந்த வானிலை வரை இறங்கலாம் என்ற உரிமமும், கோபுரம் திறந்திருக்கும் நேரமும், காலி இருக்கைக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதும்தான் எழுதுகின்றன. இவற்றைப் புரிந்துகொண்டால் சேலம் மட்டுமல்ல, மைசூரு, பீதர், கலபுரகி, புதுச்சேரி என எந்தச் சிறு நிலையத்துக்கு டிக்கெட் எடுக்கும்போதும் என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துவிடும்.

ஓடுபாதை

சேலத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர் நீளம். மைசூருவில் சுமார் 1,740 மீட்டர். ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் முழுச் சுமையோடு கிளம்ப ஏறத்தாழ 2,100 மீட்டர் வேண்டும். ஏ.டி.ஆர். 72 என்ற விசிறி விமானத்துக்கு, கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், சுமார் 1,300 மீட்டர் போதும். எனவே இந்த இரண்டு ஊர்களுக்கும் ஏ.டி.ஆர். வருகிறது, ஜெட் வருவதில்லை.

அந்த 1,300 மீட்டர் காகிதக் கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினாலும் வெப்பம் கூடினாலும் காற்றின் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைக்குத் தூக்கும் விசை குறைவு, எஞ்சினுக்கு இழுக்கும் வலு குறைவு. இதை விமானிகள் அடர்த்தி உயரம் என்ற ஒரே எண்ணாகக் கணக்கிடுவார்கள். 1,000 அடி உயரத்துக்குரிய நிலையான வெப்பம் 13 டிகிரி. ஏப்ரல் மாத நண்பகலில் 38 டிகிரி என்றால் 25 டிகிரி அதிகம். டிகிரிக்கு 120 அடி வீதம் 3,000 அடி கூடும். தரை 1,000 அடியில் இருந்தாலும் விமானத்தின் இறக்கை 4,000 அடியில் இருப்பதுபோலத்தான் உழைக்கும்.

இதற்கு விமான நிறுவனம் செய்யக்கூடியது ஒன்றே: எடையைக் குறைப்பது. பயணி ஒருவருக்குக் கைப்பையோடு 75 கிலோ, பதிவு செய்த பெட்டிக்கு 15 கிலோ என்று வைத்தால் ஆளுக்கு 90 கிலோ. கணக்கில் 900 கிலோ குறைக்க வேண்டி வந்தால் பத்து இருக்கைகள் விற்கப்படாமல் போகும், அல்லது பெட்டிகள் அடுத்த விமானத்தில் வரும். கோடையில் மதிய விமானத்தைவிடக் காலை விமானம் நம்பகமானது என்பதற்கு இது ஒரு காரணம்.

ஓடுபாதையின் இரு முனைகளிலும் பெரிதாக எழுதியிருக்கும் எண் திசையைக் குறிக்கும். சேலத்தில் 04, 22 என்று இருக்கும். 04 என்றால் காந்த வடக்கிலிருந்து ஏறத்தாழ 40 டிகிரி திசையை நோக்கிப் போகிறது என்று பொருள். எதிர்முனையிலிருந்து பார்த்தால் 220. விமானம் எப்போதும் எதிர்காற்றில் ஏறி இறங்க விரும்பும், ஆகவே அன்றைய காற்றைப் பார்த்து முனையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

பெரிய நிலையத்தில் ஓடுபாதைக்கு இணையாக இன்னொரு பாதை இருக்கும். இறங்கிய விமானம் அதில் ஒதுங்கிவிடும், அடுத்த விமானம் உடனே இறங்கலாம். சிறிய நிலையத்தில் பெரும்பாலும் அது கிடையாது. விமானம் கடைசி வரை ஓடி, முனையிலுள்ள அகன்ற இடத்தில் முழுவதும் திரும்பி, வந்த ஓடுபாதையிலேயே உருண்டு வரும். ஜன்னல் வழியே பார்ப்பவர்கள் ஏதோ தவறாகப் போகிறது என்று பதறுவதுண்டு. அது வழக்கமான நடைமுறைதான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று விமானங்கள் வரை இதில் சிக்கல் இல்லை. ஒரே அரைமணியில் இரண்டு வந்தால் ஒன்று வானில் வட்டமடிக்க வேண்டும்.

ஐந்து கிலோமீட்டர் கணக்கு

பெங்களூரில் வெயில், சேலத்தில் ரத்து என்ற புதிருக்கு விடை இங்கே இருக்கிறது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ., விமான நிலையங்களுக்கு உரிமம் தரும்போது இரண்டு வகையாகத் தருகிறது. ஒன்று கண்ணால் பார்த்துப் பறக்கும் விதி, சுருக்கமாக வி.எஃப்.ஆர். மற்றது கருவிகளை நம்பிப் பறக்கும் விதி, ஐ.எஃப்.ஆர்.

வி.எஃப்.ஆர். உரிமம் மட்டும் உள்ள நிலையத்தில் தரைமட்டப் பார்வைத் தூரம் 5 கி.மீ. இருக்க வேண்டும், மேகத்தின் அடிமட்டம் 1,500 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. பார்வை 4 கி.மீ. என்றால் சாலையில் போகிறவருக்கு அது நல்ல வெளிச்சமான நாள். தூரத்து மலை மட்டும் சற்று மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் விமானம் இறங்க முடியாது. டிசம்பர், ஜனவரி காலை மூடுபனியும், கரும்புத் தோகை எரிக்கும் புகையும், கோடைமழைக்கு முந்திய தூசியும் பார்வையை இந்த எல்லைக்குக் கீழே இறக்கப் போதுமானவை.

ஐ.எஃப்.ஆர். நிலையத்தில் ஓடுபாதை அருகே வானொலி வழிகாட்டி நிற்கும். டி.வி.ஓ.ஆர். என்ற எளிய கருவி திசையைச் சொல்லும். ஐ.எல்.எஸ். என்ற துல்லியக் கருவி திசையோடு இறங்கு கோணத்தையும் சொல்லும். அதன் முதல் வகையில் ஓடுபாதைப் பார்வை 550 மீட்டர் இருந்தாலே இறங்கலாம். 5,000 எங்கே, 550 எங்கே! ஆண்டு முழுவதும் விமானம் நம்பகமாக வர வேண்டும் என்று ஓர் ஊர் கேட்பதானால், கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது இந்தக் கருவிகளையும் இந்த உரிமத்தையும்தான்.

கருவி வாங்கி நட்டால் வேலை முடிந்துவிடாது. ஐ.எஃப்.ஆர். ஓடுபாதைக்கு நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 140 மீட்டர் வரை தடையற்ற சமதளம் வேண்டும், வி.எஃப்.ஆருக்கு ஏறத்தாழ அதில் பாதி போதும். ஓடுபாதையின் முனைக்கு வெளியே இறங்குவழியின் சரிவும் மாறுகிறது. முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளி ஒரு கற்பனைச் சாய்தளம் தொடங்கி மேலே ஏறும். மரமோ கட்டடமோ அதைக் குத்திக்கொண்டு நிற்கக் கூடாது. இந்த அளவு ஓடுபாதைக்கு வி.எஃப்.ஆரில் அந்தத் தளம் 30 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும், ஐ.எஃப்.ஆரில் 50 மீட்டருக்கு 1 மீட்டர்தான். 20 மீட்டர் உயரத் தென்னை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் விதிப்படி சாய்தளம் தொடங்கும் இடத்திலிருந்து 600 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். இரண்டாவது விதிப்படி 1,000 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அந்த இடைப்பட்ட 400 மீட்டரில் யாருடைய தோப்பு இருக்கிறதோ, அவருடைய தென்னைகள் வெட்டப்படும்.

விரிவாக்கம் என்றதும் கிராமத்தில் எதிர்ப்பு வருவதற்குக் காரணம் தெளிவு. ஓடுபாதைக்கு எடுக்கும் நிலம் மட்டும் போகவில்லை. அதைச் சுற்றியுள்ள நிலத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம், என்ன மரம் வைக்கலாம் என்ற உரிமையும் சுருங்குகிறது. வீட்டுக்கு மாடி எடுக்கும் முன் இந்திய விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று பார்க்க வேண்டிவரும். நிலத்துக்கான இழப்பீடு பேசும்போது இந்தச் சுருக்கத்துக்கும் சேர்த்துப் பேசுவதே நியாயம்.

ஓடுபாதை விரிவாக்கத்துக்கு ஒரு நல்ல உதாரணம் தூத்துக்குடி. வாகைக்குளத்தில் ஓடுபாதை முன்பு 1,350 மீட்டர் அளவில் இருந்தது, ஏ.டி.ஆர். மட்டுமே வந்தது. அதை 3,000 மீட்டருக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள், புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. மைசூருவிலோ நீட்ட வேண்டிய திசையில் தேசிய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் குறுக்கே கிடக்கின்றன. அதனால்தான் அங்கே பேச்சு நீள்கிறது, ஓடுபாதை நீளவில்லை.

ஏ.டி.ஆர். ஏன் இந்த ஊர்களுக்குப் பொருந்துகிறது

குறைந்த ஓடுபாதை தவிர வேறு காரணங்களும் உண்டு. ஏ.டி.ஆர். 72-இன் பின்பக்க இடது கதவிலேயே படிக்கட்டு மடிந்து இருக்கிறது. ஏறுபாலம் வேண்டாம், தள்ளிக்கொண்டு வரும் ஏணிவண்டியும் வேண்டாம். முன்பக்கக் கதவு சரக்குக்கு. பெட்டிகள் முன்னால், பயணிகள் பின்னால் என்பதால் ஆட்கள் ஏறும்போது வால் பக்கம் எடை கூடி மூக்கு தூக்கிவிடாமல் இருக்க, வாலுக்கு அடியில் ஒரு முட்டுக்கம்பி வைப்பார்கள்.

தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தர ஜெட் விமானத்தின் வாலில் தனியாக ஒரு சிறு எஞ்சின் இருக்கும். ஏ.டி.ஆரில் அது இல்லை. பதிலாக, வலது எஞ்சினின் விசிறியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிடலாம். இதை ஹோட்டல் மோட் என்பார்கள். தரை மின்சார வண்டி பழுதாகிக் கிடக்கும் சிறு நிலையத்தில் இது பெரிய உதவி. பயணிகள் இடது பக்கமாக மட்டும் நடத்திச் செல்லப்படுவதற்கும், கோடு தாண்டி வலது பக்கம் போய்ப் படம் எடுக்கக் கூடாது என்று ஊழியர் கத்துவதற்கும் காரணம் இதுவே: விசிறி நின்றிருந்தாலும் அந்த எஞ்சின் உள்ளே எரிந்துகொண்டிருக்கலாம்.

எரிபொருள் விஷயம் சற்று நுட்பமானது. விமான எரிபொருள் வண்டி இல்லாத நிலையத்துக்கு விமானம் போகவர இரண்டு பயணத்துக்குமான எரிபொருளோடு கிளம்ப வேண்டும். அதோடு, இறங்க முடியாமல் போனால் மாற்று நிலையத்துக்குப் போகவும், அதற்குமேல் 30 நிமிடம் வட்டமடிக்கவும் எரிபொருள் வைத்தே ஆக வேண்டும். எரிபொருள் கூடினால் எடை கூடும், எடை கூடினால் மேலே சொன்ன வெப்பக் கணக்கு இருக்கையைப் பிடுங்கும். சேலம் போன்ற ஊருக்கு மாற்று நிலையமாகக் கோயம்புத்தூர், திருச்சி, சில நேரம் பெங்களூரே இருக்கும். சேலத்துக்குக் கிளம்பியவர் ஒரு மணி நேரம் கழித்துத் தேவனஹள்ளியிலேயே இறங்குவது அப்படித்தான் நடக்கிறது.

விமானம் வரும் முன் தரையில்

விமானம் வருவதற்குச் சுமார் அரைமணி முன்பே ஒரு ஜீப் ஓடுபாதை முழுக்கப் போய்வரும். கல், ஆணி, டயர்த் துண்டு, செத்த பறவை எதுவும் கிடக்கக் கூடாது. சுற்றுச்சுவரில் ஓட்டை இருந்தால் நாய் வரும், சில இடங்களில் ஆடு மாடும் வரும். மழைக்குப் பின் புல்லில் பூச்சி பெருகும், பூச்சிக்குப் பறவை வரும். ஊரில் இறைச்சிக் கழிவைத் திறந்தவெளியில் கொட்டினால் பருந்து வட்டமிடும். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆம் விதி, விமான நிலையத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் விலங்குகளை அறுப்பதையும் பறவைகளை ஈர்க்கும் விதத்தில் குப்பை கொட்டுவதையும் தடை செய்கிறது. ஊராட்சி ஒழுங்காகக் குப்பை அள்ளினால் விமானத்துக்கும் நல்லது என்பது இதனால்தான்.

தீயணைப்பு வண்டி தயார் நிலையில் நிற்காமல் விமானத்தை இறங்கவிட மாட்டார்கள். எவ்வளவு பெரிய வண்டி என்பது விமானத்தின் நீளத்தைப் பொறுத்தது. ஏ.டி.ஆர். 72 சுமார் 27 மீட்டர். தீயணைப்புக் கணக்கில் அது ஐந்தாம் பிரிவு. வழக்கமான நுரைக்கலவைக்கு 5,400 லிட்டர் தண்ணீர், நிமிடத்துக்கு 3,000 லிட்டர் பாய்ச்சும் திறன், ஒரு வண்டி. ஏர்பஸ் 320 ஆறாம் பிரிவு. அதற்கு இரண்டு வண்டிகள் வேண்டும். 5,400 லிட்டரும் முழு வேகத்தில் அடித்தால் இரண்டு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும், ஆகவே வண்டி போய்ச்சேரும் வேகமே உயிர்காப்பது. ஓடுபாதையின் எந்த மூலைக்கும் 3 நிமிடத்துக்குள் சேர வேண்டும் என்பது விதி. அந்த ஒரே வண்டி பழுதானால் நிலையத்தின் பிரிவு இறங்கிவிடும், நோட்டம் எனப்படும் அறிவிப்பு வெளியாகும், விமானம் வராது. பயணிக்குக் கிடைப்பது ‘செயல்பாட்டுக் காரணம்’ என்ற ஒரு வரிக் குறுஞ்செய்தி.

அடுத்தது நேரம். பெரிய நிலையம் 24 மணி நேரமும் திறந்திருக்கும். சிறிய நிலையத்தில் கோபுரத்துக்கு வேலைநேரம் உண்டு. வாட்ச் ஹவர்ஸ் என்பார்கள். அட்டவணையில் உள்ள விமானத்துக்கு முன்பின் கொஞ்சம் சேர்த்து ஆள் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டி விமானம் வந்தால் நேர நீட்டிப்பு கேட்டு வாங்க வேண்டும். ஓடுபாதை விளக்குகள் இல்லாத நிலையமானால் பொழுது சாய்ந்தபின் நீட்டிப்பு கேட்டும் பயனில்லை.

ஒரு ஏ.டி.ஆர். ஒரு நாளில் ஆறேழு முறை ஏறி இறங்கும். பெங்களூரில் இரவு நின்ற விமானம் காலை மூடுபனியால் 40 நிமிடம் தாமதமாகக் கிளம்பினால், அந்தத் தாமதம் ஒவ்வோர் ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சங்கிலியில் கடைசியாக நிற்கும் ஊரின் கோபுரம் அதற்குள் மூடும் நேரம் வந்துவிடும். நிறுவனத்துக்கு அந்த ஒரு ஊரை வெட்டிவிட்டு மற்றதைக் காப்பாற்றுவதுதான் எளிது. எனவே டிக்கெட் எடுக்கும் முன், அதே விமான எண் அன்று எங்கிருந்து வருகிறது, நம் ஊர் அதன் எத்தனையாவது நிறுத்தம் என்று விமானத்தைப் பின்தொடரும் செயலிகளில் பார்த்துவைப்பது பயன் தரும். நாளின் முதல் அல்லது இரண்டாவது நிறுத்தமாக இருந்தால் நம்பலாம்.

காலி இருக்கைக்கு யார் பணம் தருகிறார்கள்

2016 அக்டோபரில் மத்திய அரசு, சிறு ஊர்களுக்கு மலிவுக் கட்டணத்தில் விமானம் விடும் உடான் திட்டத்தை அறிவித்தது. முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையே பறந்தது. திட்டத்தின் கணக்கு இப்படி: விமானத்தில் பாதி இருக்கைகள், குறைந்தது 9, அதிகம் 40, உச்சவரம்புக் கட்டணத்தில் விற்க வேண்டும். ஒரு மணி நேரம், சுமார் 500 கி.மீ. பயணத்துக்குத் தொடக்கத்தில் அந்த வரம்பு ரூ.2,500, பின்னர் விலைவாசிக்கேற்பத் திருத்தப்பட்டது. 70 இருக்கை விமானமென்றால் 35 பேருக்கு இந்தக் கட்டணம். மீதி இருக்கைகளைச் சந்தை விலைக்கு விற்கலாம். ‘உடான் விமானம்தானே, ஏன் எனக்கு ரூ.5,000 காட்டுகிறது’ என்ற குழப்பம் இதில் வருகிறது: மலிவு இருக்கைகள் தீர்ந்துவிட்டன, அவ்வளவே.

மலிவாக விற்பதால் வரும் இழப்பை அரசு ஈடுகட்டும். எந்த நிறுவனம் குறைந்த ஈட்டுத்தொகை கேட்கிறதோ அதற்கே வழித்தடம் கிடைக்கும். பெரும்பாலான மாநிலங்களில் தொகையில் 20 விழுக்காட்டை மாநில அரசு தரும். மீதிக்கான நிதி, முக்கிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்கள் மீது விதிக்கும் தீர்வையிலிருந்து வருகிறது. அதாவது பெங்களூரு–டெல்லி பறக்கும் பயணியின் டிக்கெட்டிலிருந்து ஒரு துளி சேலத்துக்குப் போகிறது. இதோடு மாநில அரசு எரிபொருள் வரியை 1 விழுக்காடாகக் குறைக்கும், காவலும் தீயணைப்பும் கட்டணமின்றித் தரும். தரையிறங்கும் கட்டணமும் நிறுத்தக் கட்டணமும் கிடையாது.

இவ்வளவு உதவிக்கும் ஆயுள் மூன்று ஆண்டு. அதன்பின் வழித்தடம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். சேலத்தின் வரலாறு இதைக் காட்டுகிறது. ட்ரூஜெட் 2018 மார்ச் 25 அன்று உடான் திட்டத்தில் சென்னை–சேலம் தொடங்கியது, 2021-இல் நின்றது. பிறகு 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூரு–சேலம்–கொச்சி வழியிலும், இண்டிகோ சென்னை, ஹைதராபாத் வழிகளிலும் வந்தன. கவனித்துப் பாருங்கள், இந்த வரவும் போக்கும் பெரும்பாலும் மார்ச் கடைசி ஞாயிறையும் அக்டோபர் கடைசி ஞாயிறையும் ஒட்டியே நடக்கும். விமான அட்டவணை ஆண்டுக்கு இரண்டு பருவமாக அந்த நாட்களில்தான் மாறுகிறது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ மாதக்கணக்கில் முன்பாக டிக்கெட் எடுப்பவர்கள், பயண நாள் பருவம் மாறியபின் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; நேரம் மாறலாம், விமானமே இல்லாமலும் போகலாம்.

வழித்தடம் நிலைக்க, இரண்டு பக்கமும் ஆள் ஏற வேண்டும். பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வெள்ளி மாலை நிறையும், ஞாயிறு மாலை திரும்பும் விமானம் நிறையும். செவ்வாய், புதன் காலி. வாரம் முழுக்கத் தேவை இருப்பது வியாபாரப் பயணிக்கும் மருத்துவத்துக்கு வருபவருக்கும்தான். அவர்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் நேரம் வேண்டும். ஆனால் காலையிலும் மாலையிலும் தேவனஹள்ளியில் இடம் கிடைப்பது கடினம், பெரிய விமானங்கள் அந்நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. மதியம் ஒரு மணிக்கு வரும் விமானம் யாருக்கும் முழுதாகப் பயன்படாமல், ஆள் இல்லை என்ற காரணத்தால் நிறுத்தப்படுகிறது. இதை ஊரின் குறையாகப் பேசுவது தவறு. நேரம் சரியில்லை என்பதே உண்மை.

ஓசூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே பெரிய விமான நிலையம் அமைக்கத் தமிழ்நாடு அரசு 2024 ஜூனில் அறிவித்தது. தேவனஹள்ளியிலுள்ள கெம்பேகவுடா நிலையத்துக்கான ஒப்பந்தத்தில், மைசூரு, ஹாசன் தவிர 150 கி.மீ. வான்தொலைவுக்குள் வேறு பன்னாட்டு நிலையத்துக்கு 25 ஆண்டுகள் அனுமதியில்லை என்ற விதி இருக்கிறது. அந்த நிலையம் திறந்தது 2008 மே மாதம். கெடு 2033 வரை. சேலம் அந்த 150 கி.மீ. வட்டத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது.

யாருக்கு இந்த விமானம் உதவும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருப்பவர் சேலம் போக விமானம் எடுப்பதில் பொருளில்லை. வாயு வஜ்ரா என்ற விமான நிலையப் பேருந்திலோ காரிலோ ஊரைக் குறுக்காகக் கடந்து தேவனஹள்ளி சேர இரண்டு மணி நேரம், அங்கே காத்திருப்பு ஒன்றரை மணி, பறப்பு ஒரு மணி, இறங்கிப் பெட்டி எடுத்துச் சேலம் ஊருக்குள் வர முக்கால் மணி. மொத்தம் ஐந்தே கால் மணி. நேராக ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியே காரில் போனால் மூன்றரை, நான்கு மணியில் வீட்டில் சாப்பிடலாம். அல்சூர், விவேக் நகர், ஈஜிபுராவில் இருப்பவர்களுக்கும் லாபம் ஒன்றுமில்லை. விமான நிலையத்துக்கு அருகே எலகங்கா, ஹெப்பால் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். உண்மையில் பெரிதும் பயன்பெறுவோர் டெல்லி, மும்பை, துபாயிலிருந்து வந்து பெங்களூரில் மாறுகிறவர்கள். தேவனஹள்ளியில் ஏற்கெனவே இருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரப் பறப்பு நிஜமாகவே அரை நாளை மிச்சம் செய்கிறது.

அப்படி மாறுகிறவர்கள் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுப்பது நல்லது. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு நிறுவனம் பொறுப்பேற்கும். தனித்தனி டிக்கெட் என்றால் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். பெட்டியை எடுத்து மீண்டும் பதிவு செய்ய வேண்டும், டெர்மினல் 1-லிருந்து 2-க்கு மாற வேண்டியும் வரலாம். பதிவுக் கவுண்டர் பெரும்பாலும் கிளம்பும் நேரத்துக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும்.

பெட்டி விஷயத்தில் ஏ.டி.ஆர். தாராளமானது அல்ல. தலைக்கு மேல் உள்ள அறை சிறியது. ஜெட்டில் நுழையும் சக்கரப் பெட்டி இதில் நுழையாது. படிக்கட்டடியில் வாங்கி முன்பக்கச் சரக்கறையில் போடுவார்கள். மருந்து, மடிக்கணினி, நகை, சான்றிதழ்கள் இவற்றைத் தனியாக ஒரு தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுப் பெட்டிக்குப் பொதுவாக 15 கிலோ. கைப்பை அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட்டில் பார்க்க வேண்டும். ஊரில் இறங்கியதும் வாசலில் டாக்சி வரிசை எதிர்பார்க்காதீர்கள். விமானம் தாமதமானால் காத்திருந்த வண்டிகளும் கிளம்பிவிடும். கிளம்பும் முன்பே யாரையாவது வரச்சொல்லி வைப்பது உத்தமம்.

ரத்தானால் என்ன கிடைக்கும்? டி.ஜி.சி.ஏ. விதிப்படி, முழுப் பணத்தைத் திரும்பப் பெறுவதோ மாற்று விமானத்தை ஏற்பதோ பயணியின் விருப்பம். முன்கூட்டி உரிய நேரத்தில் தெரிவிக்காமல் ரத்து செய்தால், ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு ரூ.5,000 அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது இழப்பீடு. இவ்வளவு குறுகிய பயணத்தில் தாமதம் இரண்டு மணியைத் தாண்டினால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். ஆறு மணியைத் தாண்டும் தாமதத்தில் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். வானிலை காரணமென்றால் இழப்பீடு கிடையாது, பணம் திரும்பக் கிடைக்கும். குறை இருந்தால் மத்திய அரசின் ஏர்சேவா இணையத் தளத்தில் பதியலாம். குறுஞ்செய்திகளை அழிக்காமல் வையுங்கள்.

வானிலை என்று சொன்னால் அதைச் சரிபார்க்கவும் வழியிருக்கிறது. ஒவ்வொரு நிலையமும் மெட்டார் என்ற வானிலைக் குறிப்பை வெளியிடும். இணையத்தில் நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீட்டைக் கொடுத்துப் பார்க்கலாம், சேலத்துக்கு வி.ஓ.எஸ்.எம். குறிப்பில் காற்றைச் சொல்லும் தொகுதிக்கு அடுத்து வரும் நான்கு இலக்க எண் பார்வைத் தூரம், மீட்டரில். 4000 என்று இருந்தால் வி.எஃப்.ஆர். நிலையத்தில் இறங்க முடியாது. 6000 என்று இருந்தால், மேகமட்டமும் 1,500 அடிக்கு மேல் இருந்தால், அந்த ஊரின் வானிலை காரணம் இல்லை. கிளம்பிய ஊரிலோ வழியிலோ என்ன நிலைமை என்று கேட்க வேண்டும். கோபுரம் மூடியிருக்கும் நேரத்தில் சிறிய நிலையத்திலிருந்து இந்தக் குறிப்பு வராமல் போகலாம், ஆகவே விமானம் வரவேண்டிய நேரத்திலேயே பார்த்துப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.